ஒரே கைதட்டு

முத்துமீனாவுக்கு ஓட்டம் என்றாலே ஆகாது. விளையாட்டு விழாவில் பரிசெல்லாம் கொடுத்து முடித்த பிறகுதான் அவள் எல்லைக் கோட்டைத் தொடுவாள். அப்படிப்பட்டவளை அறிவியல் கண்காட்சியும் ஓடவிட்டுவிட்டது, பாருங்கள்!

அவள் வகுப்புக்கு வந்த தலைப்பு, ‘ஒளியைச் சேமிக்கும் படிகம்’. ஒளியில் வரும் தகவலைப் பத்திரமாக வைத்திருக்கும் குவாண்டம் நினைவகத்துக்கு உதவுகிற படிகமாம். நிஜப் படிகத்துக்கு எங்கே போவது? கனகலட்சுமி டீச்சர் மைதானத்தையே படிகமாக்கிவிட்டார்.

“நீங்கதான் அணுக்கள். எல்லாரும் கோட்டுல நின்னு ஒண்ணா ஒரு தடவை கை தட்டுங்க. அதுதான் உள்ள போற ஒளி. அப்புறம் அவங்கவங்க வேகத்துல ஓடுங்க. விசில் அடிச்சதும் திரும்பி வந்து, கோட்டைத் தொட்டுத் தட்டணும். ஒரே தட்டா கேட்டா, ஒளி பத்திரமா வெளிய வந்துருச்சுன்னு அர்த்தம்.”

ஒத்திகையில் பட், பட், படபட என்று தட்டுகள் சிதறின. கடைசித் தட்டு முத்துமீனாவுடையது.

“இவ ஆடி அசைஞ்சு வாரா டீச்சர். உக்கார வச்சிருங்க!” என்றான் சிவபாண்டி. வகுப்பிலேயே வேகமானவன் அவன்தான்.

டீச்சர் யோசித்தார். கண்காட்சியைப் பார்க்க, நாகமலை புதுக்கோட்டையிலிருந்து இதே படிகத்தை ஆராய்கிற அக்கா ஒருவர் வருகிற நேரம். முத்துமீனாவுக்கு அழுகை முட்டியது. ஆனாலும் விடவில்லை.

“ஏன்டா, நான் மெதுவா ஓடுறேன். அதனால கொஞ்ச தூரந்தான் போறேன். திரும்பி வரவும் கொஞ்ச தூரந்தானே? நீ அம்புட்டு தூரம் போயிட்டு எனக்கு முன்னாடி எப்படி வந்த?”

சிவபாண்டி தலையைச் சொறிந்தான். “மொதல்ல வரணும்னு திரும்புறப்ப இன்னும் விரட்டிட்டேன்.”

“நாங்களும்தான்!” என்றார்கள் மற்றவர்கள்.

“இது என்ன பந்தயமா? போன வேகத்துலயே வாங்க!” என்றாள் முத்துமீனா.

டீச்சர் சிரித்துவிட்டார். “அவ சொல்றதுதான் சரி.”

அக்கா வந்து அமர்ந்தார். எல்லாரும் தட்டினார்கள், ஓடினார்கள், சிதறினார்கள். விசில்! முத்துமீனா திரும்பினாள். பின்னால் சிவபாண்டியின் காலடி நெருங்கியது. விரட்டி ஓடலாமா என்று கால் துடித்தது. ஊஹூம், அவள் தன் வேகத்திலேயே வந்தாள்.

பட்!

ஒரே தட்டு. மைதானமே அதிர்ந்தது.

அக்கா துள்ளி எழுந்தார். “அடேங்கப்பா! எங்க படிகத்துலயும் இப்படித்தான். உங்க விசில் மாதிரி, இன்னொரு ஒளியை அனுப்பி அணுக்களைத் திருப்பி விடுவோம். மெதுவா வர்ற அணுவும் சேந்தாத்தான் முழு ஒளியும் கிடைக்கும்!”

ஒரே ஆரவாரம். கூட்டத்திலிருந்து ஒரு பொடியன் கத்தினான்: “யாரு மொதல்ல வந்தது?”

“முத்துமீனா!” என்று கத்தினான் சிவபாண்டி. “நானுந்தான்!”