தாடைக்கடியில் ஒரு மொச்சை

டாக்டர் எலெயுத்தேரியோவின் உச்சந்தலையிலிருந்து உடம்பெல்லாம் உயிரோடு வைத்துத் தேய்த்தபோது கீச்சுக்கீச்சென்று கத்தித் தீர்த்த கினிப்பன்றி, அவருடைய இடது தாடைக்கடிக்கு வந்ததும் சட்டென்று அடங்கிப்போனது.

"செத்துப்போச்சு," என்றாள் வைத்தியக்காரி அசுந்தா, வெற்றிலையில் காம்பு கிள்ளுகிறவளைப் போல.

வாராவாரம் வானொலியில், நோயைக் கினிப்பன்றிக்கு இறக்கும் இந்த வைத்தியத்தைத்தான் கிழித்துத் தொங்கவிடுவார் டாக்டர். அவர் தாடைக்கடியிலிருந்த கட்டியைச் சோதித்த டாக்டர் நண்பர், "ஆபத்தில்லாத கட்டிதான்ப்பா, மறந்துடு," என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுத்திருந்தார். அப்படிச் சிரித்துக்கொண்டே தாம் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம் என்பது டாக்டருக்குத் தெரியும். ஆகவேதான் இரண்டாவது அபிப்பிராயத்துக்கு, தொப்பியை மூக்குவரை இறக்கிக்கொண்டு, சந்தைக்குப் பின்னாலிருந்த இந்த மண்சுவர் வீட்டுக்கு வந்திருந்தார்.

"ரேடியோவுல என்னைய உரிச்சீங்க. இப்ப நான் உரிக்கிறதப் பாருங்க."

தோல் கழன்றது. கினிப்பன்றியின் தாடைக்கடியில் மொச்சைக்கொட்டை அளவில் வெளுத்த உருண்டை.

"உங்களோடது இதுக்குப் போயிடுச்சு, டாக்டரய்யா. உங்க கையாலயே ஆத்துல விட்டுடுங்க. நாய்கூடத் தின்னக் கூடாது. தின்னவங்களுக்குப் போயிடும்."

பாலத்தில் அவருடைய மாணவர்கள் கூட்டமாக நின்று, "வணக்கம், புரொஃபசர்!" என்றார்கள். உரித்த கினிப்பன்றியை ஆற்றில் எறிகிறவன் எங்கிருந்து வருகிறான் என்பது வாராஸ் நகரத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும். அதைப் போட்டிருந்த பையை இறுக்கிப் பிடித்தபடி, கை கழுவுவதன் அவசியத்தைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிட்டு வீடு வந்து சேர்ந்தார்.

வீட்டில் மகள் மிலாக்ரோஸுக்குப் பிறந்தநாள் விருந்து; அந்த ஊரில் விருந்தென்றால் கினிப்பன்றிக் கறிதான். வாசலிலேயே மேயர் கட்டிப்பிடித்துக்கொண்டார். பையைச் சமையற்காரி சத்துர்னினா வாங்கிக்கொண்டு போனாள். நகரசபை அவருக்குத் தரப்போகும் அறிவியல் பதக்கத்தின் எடையிலிருந்து நாடா நிறம்வரை மேயர் விவரித்துக்கொண்டிருக்க, மிளகாயும் வேர்க்கடலையும் வதங்கும் வாசனை கதவிடுக்கில் கசிந்து, திரைச்சீலையில் ஏறி, மேயரின் அத்தரையும் அமுக்கிவிட்டு வந்தது. அதற்கும் அடியில், ஈரமாக, இளஞ்சூடாக, அந்த மண்சுவர் அறையின் வாடை.

எழுந்திருக்க முடியவில்லை. அவர் முழங்காலில் மேயர் கை வைத்திருந்தார்.

சாப்பாட்டு மேசையில் எல்லார் தட்டிலும் தோலோடு மொறுமொறுவென்று பொரித்த கினிப்பன்றி. மகள் தட்டில் மட்டும் குழம்பு. சிவந்த குழம்புக்குள்ளிருந்து ஒரு தலை பல்லைக் காட்டியது.

"நீங்க கொண்டாந்ததுதான், ஐயா," என்றாள் சத்துர்னினா பெருமையாக. "தோல் இல்லியே, அதான் குழம்பு வெச்சுட்டேன். தாடைக்கடியில நல்ல கொழுப்பு உருண்டை. சின்னம்மாவுக்குன்னு அப்படியே விட்டேன்."

"எங்கிருந்து வாங்கினீங்க?" என்றாள் மனைவி நியெவெஸ். "என்ன, முகம் பேயறைஞ்சாப்பல இருக்கு?"

மேசை முழுதும் அவரைப் பார்த்தது. மேயர் பார்த்தார். ஒரு வார்த்தை போதும். தட்டைப் பிடுங்கினால் போதும். பிறகு ஏன் என்று கேட்பார்கள்.

மிலாக்ரோஸ் உருண்டையைக் கிள்ளி வாய்க்குக் கொண்டுபோனாள்.

டாக்டர் வாயைத் திறந்தார்.

"எலும்பு இருக்கும். பாத்துச் சாப்பிடும்மா."

"இதுல ஏதுப்பா எலும்பு?" என்று சிரித்தாள். மென்றாள். அந்தச் சத்தம் மட்டும் கேட்டது. சவக். சவக்.

அவர் விரல் தானாகத் தாடைக்கடியில் போனது. வழவழப்பு. ஒன்றுமில்லை. ஒரு கணம், ஒரே ஒரு கணம், அப்பாடா என்றிருந்தது. அந்த 'அப்பாடா' அவருக்கே உள்ளே கேட்டது.

"அறிவியலுக்கு!" என்று மேயர் கோப்பையைத் தூக்கினார். எல்லோரும் தூக்கினார்கள். டாக்டரும்.

மிலாக்ரோஸ் விழுங்கினாள். தொண்டை ஏறியது. இறங்கியது.

இடது பக்கம், தாடைக்கடியில், ஒன்று மட்டும் இறங்கவில்லை.