மிச்சம் இரண்டு கேலன்

நண்பர் டெரக் கையில் வோல்ட் மீட்டரும் வாயில் பிஸ்கட்டுமாக ஷெட்டுக்குள் நுழைந்தபோது, ஹெட்லி காரின் டிக்கிக்குள் பாதி உடம்பை விட்டிருந்தார். மதியம் இரண்டு மணிதான். ஆனாலும் மேட்டுக்காட்டிலிருந்து பனிமூட்டம் இறங்கிவந்து பக்கத்து வீட்டுப் புகைபோக்கியை மறைத்துவிட்டிருந்தது.

"இன்னுமா இந்த பெட்ரோல் முள்ளோட மல்லுக்கட்டுற? புதுசா ஒண்ணு வாங்கித் தொலையேன்யா."

"வாயை மூடிக்கிட்டு அந்த லைட்டைப் பிடி."

எழுபத்து நாலாம் வருஷத்துக் குட்டிக் கார் அது. பச்சை நிறம். பஸ் டிப்போவில் முப்பது வருஷம் மெக்கானிக்காக இருந்த ஹெட்லி, மகள் ஜெம்மா நர்ஸ் வேலையில் சேர்ந்தபோது அவளுக்காகச் செப்பனிட்டுக் கொடுத்தது. போன நவம்பரில் மேட்டுச் சாலையில் பெட்ரோல் தீர்ந்து, காலி டின்னோடு பங்க்கைப் பார்த்து நடந்தவளைப் பனிமூட்டத்தில் ஒரு லாரி அடித்துப் போட்டது. கார் மட்டும் ஒரு கீறல்கூட இல்லாமல் வீடு வந்து சேர்ந்தது. பாழாய்ப்போன கார்!

ஹெட்லி டாங்கிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி பாடியில் தொட்டார். டாஷ்போர்டில் முள் மெல்ல மெல்ல ஏறி நிறைவுக் கோட்டில் நின்றது. அப்படியென்றால் முள்ளும் சரி, ஒயரும் சரி. டெரக் மீட்டரை வைத்துப் பார்த்தார். வரவேண்டிய பத்து வோல்ட் ஒழுங்காக வந்தது. டாங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளக்கும் மிதவையோ புதுசு. மர ஸ்கேலை விட்டு எடுத்தால் மேல்வரைக்கும் ஈரம்.

"ஒரு கோளாறும் இல்லையே. முள்ளு எங்க வச்சு விழுதுன்ன?"

"மேட்டுச் சாலையில, சிலுவைக்கல்லுகிட்ட."

டெரக் மெல்லுவதை நிறுத்தினார். ஜெம்மாவின் கார் நின்றிருந்த இடம் அது.

"டாங்க் நிறைய இருந்தாலும் அங்க வந்தா காலிக்கு விழுந்துடும்" என்றார் ஹெட்லி. "அப்புறம் டின் சத்தம் கேக்கும்."

டெரக் கேலி செய்யவில்லை.

பெரில் தேநீரோடு வந்தாள். ஜெம்மாவின் அம்மா. கோப்பைகளை வேலைமேசையில் வைத்துவிட்டுக் காரை ஒரு பார்வை பார்த்தாள்.

"இதைப் போயி நோண்டிக்கிட்டு! முள்ளு கீழ கிடக்குது, அதைப் பாக்காம ஓட்டியிருக்கா. போலீஸ்காரனே எழுதி வச்சிருக்கான். ஊருக்கெல்லாம் மாத்திரை எண்ணிக் குடுத்தவளுக்குத் தன் கண்ணு முன்னாடி இருக்குறது தெரியல. அறிவுகெட்டவ."

ஒரு வருஷமாக இதே பேச்சுதான். கல்லறைக்கு ஒரு பூக்கூட அவள் கொண்டுபோனதில்லை. அழுகையை எல்லாம் கோபமாக்கி மகள் தலையிலேயே கொட்டிக்கொண்டிருந்தாள். ஹெட்லி வழக்கம்போலக் கோப்பையை எடுத்தார். குடிக்காமலே திருப்பி வைத்தார்.

"பெரில், கோட்டை எடுத்துப் போடு. ஒரு இடத்துக்குப் போயிட்டு வரணும்."

"நான் இங்கயே இருக்கேம்ப்பா" என்றார் டெரக்.

மேட்டில் ஏற ஏறப் பனிமூட்டம் கெட்டியானது. ஆடுகள் இருந்த இடம் தெரியவில்லை, கத்தல் மட்டும் கேட்டது. முள் நிறைவுக் கோட்டில் அசையாமல் இருந்தது. காருக்குள் ஆஸ்பத்திரி சோப்பு வாசனை வந்தது. பெரில் மூக்கைச் சுளித்தாள்.

சிலுவைக்கல் தெரிந்தது.

முள் இறங்கியது.

முக்கால். அரை. கால். காலி.

எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது. அவர் ஓட்டிவந்தபோது இதுவரை அணைந்ததில்லை.

ஹெட்லி இறங்கிப் போய் டாங்கின் மூடியைத் திருகித் திறந்து ஸ்கேலை விட்டுப் பார்த்தார். மேல்வரைக்கும் ஈரம்தான். மூடியை இறுக்கிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

டங்.

தூரத்தில், பங்க் இருக்கும் பக்கத்திலிருந்து.

"என்னது, வேலிக்கதவா?" பெரிலின் குரல் தானாகவே தாழ்ந்தது.

டங். இரண்டு அடி நடக்கும் நேரம். டங்.

"பெரில், அவ முள்ளைப் பாத்தா."

"என்ன சொல்ற?"

"பழைய மிதவையில ஓட்டை. பெட்ரோல் உள்ள போயி பாதி மூழ்கியே கிடக்கும். அதனால முள்ளு குறைச்சுத்தான் காட்டும். 'காலின்னு காட்டுனாலும் ரெண்டு கேலன் மிச்சம் இருக்கும்டா, பயப்படாத, அப்பா சொல்றேன்ல...' ஆறு வருஷமா இதைத்தான் அவகிட்ட சொன்னேன். அவளும் அந்தக் கணக்குலதான் ஓட்டுனா."

டங்.

"அவளோட கடைசி ஞாயித்துக்கிழமை, நைட் டூட்டி முடிஞ்சு தூங்கிட்டிருந்தா. நான் மிதவையை மாத்திட்டேன். எந்திரிச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். அதுக்குள்ள ஃபுட்பால் ஆரம்பிச்சிடுச்சு. உள்ள போயி உக்காந்துட்டேன். மறந்தே போச்சு, பெரில். புது மிதவையில முள்ளு நிஜத்தைத்தான் காட்டிச்சு. அவ நான் சொன்ன பொய்யை நம்பிட்டா."

பெரில் அவர் பக்கம் திரும்பினாள்.

"ஒரு வருஷம்" என்றாள். "ஒரு வருஷமா எம்பொண்ணை அறிவுகெட்டவன்னு திட்டியிருக்கேன். நீ கேட்டுக்கிட்டே டீ குடிச்சிருக்க."

ஹெட்லி ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்து விம்மினார்.

டங்.

சத்தம் காருக்குப் பின்னால் வந்து நின்றது.

டாங்கின் மூடி கிறீச்சென்று திரும்பியது.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. சளக், சளக் என்று, நிதானமாக, யாரோ சிந்தாமல் ஊற்றும் சத்தம். முள் காலிக்கோட்டை விட்டு நகர்ந்தது. கால் கோட்டைத் தாண்டிக் கொஞ்சம் ஏறி, இரண்டு கேலனில் நின்றது.

பெரில் கண்ணாடியை இறக்கினாள். பனிமூட்டம் முகத்தில் அடித்தது.

"ஜெம்மா... அம்மா தெரியாமப் பேசிட்டேண்டா கண்ணு. தெரியாம..."

வெளியே யாரும் இல்லை. ஹெட்லி சாவியைத் திருப்பினார். முதல் திருகலிலேயே வண்டி கிளம்பியது.

வீட்டுக்கு வந்தும் முள் அங்கேயேதான் இருந்தது. சாவியை எடுத்தார்கள், இறங்கவில்லை. டெரக் பேட்டரியையே கழற்றிப் பார்த்தார், அசையவில்லை. மறுநாள் ஹெட்லி டாங்கில் இருந்த பெட்ரோலைச் சொட்டு விடாமல் வாளிகளில் இறக்கினார். ஸ்கேல் காய்ந்து வந்தது. முள் இரண்டு கேலனில் நின்றது.

கல்லறையில் பூ வைத்துவிட்டுத் திரும்பிய பெரில் ஷெட் வாசலில் நின்றாள். ஹெட்லி ஸ்க்ரூடிரைவரோடு டாஷ்போர்டைக் கழற்றப் போய்க்கொண்டிருந்தார்.

"தொடாத" என்றாள். நேற்றிலிருந்து அவரிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"பேட்டரி இல்ல, பெட்ரோல் இல்ல. எப்படி நிக்குதுன்னு..."

"அதைத் தொடாத, ஹெட்லி. அவ இன்னும் நீ சொன்னதையே நம்பிக்கிட்டிருக்கா."