நீலப் பால் கவர் துண்டு

ஃபெலிக்ஸ் வானகரத்தில் இருக்கும் என் ஷெட்டுக்கு வந்தபோது காலை பதினொரு மணி. தார் உருகும் வெயில். பேய்க்குக்கூட வெளியே வர மனசு வராத நேரம்.

"இன்னா தினகரா, சுத்தமா உயிரே இல்லியா?"

"சாவியப் போட்டா ஒண்ணியும் எரியல மச்சான். ஹாரன்கூட இல்ல. நாளைக்கு வண்டி வாங்கப் பார்ட்டி வருது."

இருபத்தைந்து வருடப் பழைய வெள்ளைக் கார். கார் கரண்ட் வேலையில் ஃபெலிக்ஸ் கெட்டிக்காரன். பானட்டைத் தூக்கி மீட்டர் வைத்தான். பேட்டரியில் பன்னிரண்டரை வோல்ட். மெயின் ஃப்யூஸும் முழுசாக இருந்தது. டெஸ்ட் விளக்கின் ஒரு முனையை பாசிட்டிவிலும் மறுமுனையைக் காரின் உடம்பிலும் வைத்தான். எரியவில்லை.

"எர்த்து வரல" என்றபடி பேட்டரியிலிருந்து நெகடிவ் ஒயரின் கிளாம்பைக் கழற்றினான். "எவனோ கேடி வேல பண்ணிக்கீறான். இத்தப் பாரு."

கிளாம்புக்கும் பேட்டரிக்கும் நடுவில் ஒரு நீலப் பால் கவர் துண்டு.

அந்தக் கேடி நான்தான். பழைய கார் வாங்கி விற்பவன். விலை படியாவிட்டால், உடையவர் தண்ணீர் எடுக்க உள்ளே போகும் ஒரு நிமிடம் போதும், கிளாம்புக்கடியில் ஒரு பால் கவர் துண்டைச் செருகிவிடுவேன். வெளியே இறுக்கமாகத் தெரியும். உள்ளே கரண்ட் நகராது. "வயரிங் மொத்தமும் போச்சு பெரியவரே" என்று உச்சுக்கொட்டிவிட்டு வந்தால், இரண்டு நாளில் அவரே போன் செய்வார்.

இந்த வெள்ளைக் காரை வைத்திருந்த வேப்பம்பட்டு கோவிந்தராஜிடமும் அதைத்தான் செய்தேன். மறுநாள் அவர் மனைவி பூங்காவனத்துக்கு நெஞ்சுவலி. பின்சீட்டில் படுக்கவைத்து, நெஞ்சில் தைலம் தேய்த்து, சாவியைத் திருகித் திருகிப் பார்த்திருக்கிறார். ஆட்டோ வருவதற்குள் முடிந்துவிட்டது. காரியம் கழிந்ததும், நான் சொன்ன விலைக்கே காரைக் கொடுத்தார்.

அன்றே அந்தத் துண்டை உருவி அவர் தெருச் சாக்கடையில் போட்டுவிட்டேன்.

ஃபெலிக்ஸ் துண்டை எறிந்து கிளாம்பை முறுக்கினான். சாவியைத் திருகினான். உயிரில்லை. மறுபடி கழற்றினான்.

நீலத் துண்டு. இந்தமுறை சாக்கடை ஈரத்தோடு.

அவன் கையில் கிளாம்பு தனியாகத் தொங்கிக்கொண்டிருந்தபோதே, காருக்குள் விளக்கு எரிந்தது.

"ஒயரு என் கையில கீது" என்று ஃபெலிக்ஸ் கிசுகிசுத்தான். "எப்டிரா எரியுது?"

தைல வாடை.

பின்சீட்டு மெல்ல அமுங்கியது. யாரோ படுப்பதுபோல.

"வண்டிய எடுப்பா" என்றது ஒரு பெண்குரல், மூச்சு வாங்கியபடி. "நெஞ்ச அடைக்குது."

அடைத்தது என் நெஞ்சு.

ஃபெலிக்ஸ் என்னைத் தூக்கித் தன் வேனில் போட்டான். சாவியைத் திருகினான். ஒரு விளக்கும் எரியவில்லை. அவன் பானட்டைத் திறந்து பார்க்கவேயில்லை; ரோட்டுக்கு ஓடி ஆட்டோவை மறித்தான்.

ஆஸ்பத்திரியில், பிழைத்துக்கொண்டேன் என்றார்கள். நெஞ்சில் ஸ்டிக்கர் ஒட்டி ஒயர் மாட்டியிருக்கிறார்கள். ஆனால் மானிட்டரில் கோடு தட்டையாகவே ஓடுகிறது. நர்ஸ் ரெனிதா ஒயரை மாற்றினாள், மிஷினையே மாற்றினாள்.

"மிஷின் நல்லாத்தான் கீதுண்ணா. உங்ககிட்டருந்துதான் ஒண்ணும் வரமாட்டுது."

குனிந்து, என் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரைப் பிய்த்தாள்.

"இன்னாண்ணா இது, அடியில நீலமா?"

நான் பார்க்கவில்லை. தைல வாடை முன்னாலேயே வந்துவிட்டது.