முதல் பத்திரிகை

சிலையின் வலது முஷ்டியில், விரல் மூட்டுகளில் மட்டும் பெயின்ட் உரிந்திருந்தது.

திருவெள்ளறை தாண்டி, ஒரு சிற்றூரின் பஸ் ஸ்டாப்பில், இரும்புக் கூண்டுக்குள் நிமிர்ந்து நிற்கும் சிப்பாய் அருள்ராஜின் சிலை அது. எல்லையில் அவன் உயிர்விட்டு ஆறு வருஷமாகிறது. கூண்டின் சாவி மனைவி ரஞ்சனியிடம் இருந்தது. வெள்ளிக்கிழமைதோறும் அவள்தான் உள்ளே போய்க் கழுவித் துடைப்பாள். போன வாரம் அந்த மூட்டுகள் நன்றாக இருந்தன. இப்போது, சாயங்கால வெயிலில், சிமென்ட்டின் வெளுப்பில் ஒரு செம்மை கசிந்திருந்தது.

"உள்ள கம்பி துருப்பிடிச்சிருக்கும்மா," என்றார் எதிரே டீக்கடை வைத்திருக்கும் ஜமீல் பாய்.

ரஞ்சனி கம்பி வழியே அந்த மூட்டுகளையே பார்த்தாள். லீவில் வரும்போதெல்லாம் அவன் மூட்டுகள் இப்படித்தான் உரிந்திருக்கும். அவள் முகம் வீங்கியிருக்கும். ஒருநாள் ஜமீல் பாய் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் துணியில் ஐஸ் கட்டியைச் சுற்றிக் கொடுத்தார். அந்தக் குளிர்ச்சியை நினைத்துத்தான் மனிதர்கள் மேல் அவள் நம்பிக்கை இழக்காமல் இருந்தாள். ஆனால் கொடி போர்த்திய பெட்டிக்கு முன் ஊரே அழுத பிறகு, அவன் அடித்ததை யாரிடமும் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பெனடிக்டிடம்கூட.

பெனடிக்ட் காட்டூரில் ஃபேன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். திங்கட்கிழமை இருவருக்கும் கல்யாணம். வெற்றிலை, வாழைப்பழம், ஓரத்தில் மஞ்சள் தடவிய பத்திரிகை எல்லாம் வைத்த தட்டோடு வந்திருந்தான். இறந்தவர்கள் காலடியில் முதல் பத்திரிகை வைப்பது அவன் வீட்டு வழக்கம்.

"அண்ணன்கிட்ட சொல்லாம உன்னைக் கூட்டிட்டுப் போனா நல்லாவா இருக்கும்?" என்று சிலையைக் காட்டிக் கேட்டான்.

"வேணாங்க. போயிடலாம்."

"மாப்பிள, அவர் மிலிட்டரி," என்று கடையிலிருந்து சீண்டினார் ஜமீல் பாய். "சல்யூட் அடிச்சுட்டுப் பேசுங்க!"

"அடிச்சிடுவோம் பாய்!"

சொல்லிவிடலாம் என்று ரஞ்சனி வாயைத் திறந்தாள். அந்த நேரம் ஸ்கூல் விட்டு வந்த இரண்டு பிள்ளைகள் கூண்டுக்கு முன் நின்று சிலைக்கு சல்யூட் வைத்துவிட்டு ஓடின. வாயை மூடிக்கொண்டாள். பூட்டைத் திறந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு பெனடிக்ட் உள்ளே போனான். கம்பிகளின் நிழல் அவன் வெள்ளைச் சட்டையில் கோடு கோடாக விழுந்தது. பூட்ஸ் பாலிஷ் வாசனை வந்தது. பிறகு ரம் வாசனை. பிறகு மூக்கால் இழுத்து, மெதுவாக விடும் ஒரு மூச்சு.

அடிப்பதற்கு முன் அருள்ராஜ் விடும் மூச்சு.

பெனடிக்ட் குனிந்து தட்டை வைத்தான். "அண்ணே, ரஞ்சனிய நான் நல்லா பாத்துக்குவேன்."

"வெளிய வாங்க!" அவள் கத்தினாள். "அவர் அடிப்பாரு!"

பெனடிக்ட் திரும்பினான். அவளைப் பார்த்தான். எல்லாம் புரிந்துவிட்ட முகம். இரக்கம் நிறைந்த முகம்.

அந்த முகம்தான் உடைந்தது.

ஒரு பல் தெறித்துக் கம்பியில் பட்டது. கூண்டுக் கதவு அறைந்து மூடியது. இழுத்தாள். அசையவில்லை. பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி கடந்தது. அந்தச் சத்தத்துக்கு அடியில் எலும்பு நொறுங்கியது. மூன்று. நான்கு. அடிகளை அவள் எண்ணினாள். எப்போதும் எண்ணுவாள். பெனடிக்ட் கெஞ்சவில்லை. ஏழில் கை துடித்தது. ஒன்பதில் அதுவும் நின்றது. அதற்குப் பிறகும் அடி விழுந்தது.

ஜமீல் பாய் கடப்பாரையோடு ஓடிவந்தார். அதற்குள் கதவு தானாகவே திறந்துகொண்டது.

சிலை நிமிர்ந்து நின்றது. முஷ்டிகள் உடம்போடு ஒட்டியிருந்தன. ரத்தம் சொட்டியது. பெனடிக்ட் பீடத்தைச் சுற்றிக் கிடந்தான்.

"யா அல்லாஹ்... பாக்காதம்மா." ஜமீல் பாய் அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

அவர் தோளுக்கு மேலே அவள் பார்த்தாள்.

சிமென்ட் உதிர, சிலையின் இடது கை உடம்பை விட்டு விலகியது. ஆட்காட்டி விரல் அவளை நோக்கி நீண்டது. மடங்கியது. நீண்டது. மடங்கியது.

அவனோடு எட்டு வருஷம் வாழ்ந்த பழக்கத்தில், ரஞ்சனியின் கால் கூண்டின் படியில் ஏறியது.