பொன்னியம்மாவின் பச்சை வளையல்

"செத்தும் என் பொண்டாட்டி மூச்ச நிறுத்தலடா! கண்ணாடிக்குள்ள குந்திக்கினு இழுத்து இழுத்து வுட்டுக்கினு கீறா. நம்பலன்னா வந்து காத வச்சிப் பாரு!"

குடிபாலா ஊர் டீக்கடையில் ரங்கையா இப்படி முழங்கியதும் ஒருத்தர் தொண்டையிலும் டீ இறங்கவில்லை. அத்தனை சிரிப்பு. சிரித்தவர்களைக் குற்றம் சொல்லவும் முடியாது. சித்தூர் டிப்போவில் பஸ் ஓட்டி ரிட்டயரான மனிதர் அவர். திருமலை இறக்கத்தில் பிரேக் போனபோது ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, எதிர்க்காற்று ஊதியே வண்டியை நிறுத்தியதாகவும், அந்த ஊதலில் பின்சீட்டு மொட்டைத் தலைகளுக்கெல்லாம் ஜலதோஷம் பிடித்ததாகவும் சாதிக்கிறவர்.

"குறட்டையும் வுடறாங்களாண்ணா நம்ம வதின?" என்று அண்ணியை விசாரித்தான் கடைக்கார சின்னப்பன்.

சோறு துன்னக் கூப்பிட வந்த மகள் சுமித்ரா மட்டும் சிரிக்கவில்லை. அவளும் நம்பவில்லைதான். ஆனால் அம்மா போனதிலிருந்து நைனா ஒரு கவளம் ஒழுங்காக இறக்கவில்லை; சட்டை அவர்மேல் கொடியில் காய்வதுபோல் தொங்கியது. பகலெல்லாம் அம்மாவின் வளையல் பதித்த கண்ணாடித் தட்டின்மேல் காதை வைத்துக் கிடந்தார். வீட்டில் மிச்சமிருந்தது அந்த ஒரு உயிர். அதுவும் போய்க்கினே இருக்கிறது என்பதுதான் அவள் பயம்.

தட்டைச் செய்ததும் அவள்தான். வீட்டுக்குப் பின்னால் ஷெட்டில் கரண்டு சூளை வைத்து, கண்ணாடியை அடுக்கி உருக்கி, திருப்பதி லாட்ஜுகளுக்குத் தட்டும் விளக்கு மூடியும் செய்துகொடுப்பது அவள் தொழில். பொன்னியம்மா மூச்சுக்குத் தவித்துத் தவித்து ஆஸ்பத்திரியில் அடங்கியபோது, நர்ஸம்மா சோப்பு போட்டுக் கழற்றிக் கொடுத்த ஒற்றைப் பச்சைக் கண்ணாடி வளையலை ரங்கையா கொண்டுவந்து நீட்டினார். ரெண்டு கண்ணாடிக்கு நடுவில் வைத்து உருக்கித் தரச் சொன்னார்.

"ஒரு துளி ஒடிச்சிட்டுத்தான் வைக்கணும் நைனா. முழு வளையம்னா உள்ள காத்து மாட்டிக்கும். போக வழியில்லாம, சூட்டுல கொப்புளமா எழும்பும்."

"ஒடிக்கறதா? பூவும் பொட்டுமா போனவம்மே அவ! நான் உசுரோட இருக்கசொல்லோ அவ வளையல ஒடிக்க எவளுக்கு தகிரியம்?"

முழுசாகவே வைத்தாள். ஆறிய சூளையைத் திறந்தபோது வளையலுக்கு நடுவில் பூரிபோல் உப்பி நின்றது கொப்புளம். சுமித்ராவுக்குத் தன் வேலை கெட்ட வருத்தம். ரங்கையாவுக்கோ, பொண்டாட்டி மூச்சே உள்ளே நிற்கிறது என்று கொண்டாட்டம்.

ஆறிய கண்ணாடி கல்லுக்குச் சமம். அதற்குள் இருக்கும் கொப்புளம் அசையாது. ஆனால் நைனா அதன்மேல் வைத்த மல்லிகை இதழ் மெல்ல ஏறி, நின்று, மெல்ல இறங்கிக்கினு இருந்ததை ஒருநாள் கூட்டிப் பெருக்கும்போது பார்த்தாள். ஃபேன் காற்று என்று நினைத்து நிறுத்தினாள். இதழ் ஏறி இறங்கியது. வேலூர் ரோட்டில் கிரானைட் லாரி போகிறது, தரை அதிர்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெருக்கி முடித்தாள். மறுநாள் கொப்புளத்தின் உள்பக்கம், வாய் வைத்து ஊதியதுபோல் ஆவி படிந்து, கலைந்து, மறுபடி படிந்தது. அதற்கும் ஏதோ ஒரு காரணம் தேடிக்கொண்டாள். அப்புறம் நைனா குளிக்கப் போன நேரமாகப் பார்த்துக் காதை வைத்தாள்.

இழுப்பு. இழுப்பின் முடிவில் சின்ன விசில். ஒரு நிறுத்தம். பிறகு விடுதல்.

ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குக் கீழே படுத்தபடி அவள் ராத்திரியெல்லாம் கேட்டிருந்த அதே விசில்.

பிரமை என்று முகத்தைக் கழுவிக்கொண்டாள். இந்தக் கொப்புளம் இருக்கிறவரை நைனா பிழைக்க மாட்டார். அதனால், நம்பாத ஒன்றை நம்புகிறவள்போல் அவரிடம் பேசினாள்.

"மூச்சு முட்டித்தானே அம்மா செத்துச்சி. அத்த போய் இத்தினியூண்டு இடத்துல அடைச்சி வச்சிக்கீறியே நைனா. இப்ப மட்டும் முட்டாதா?"

ரங்கையா கொப்புளத்தின்மேலிருந்த மல்லிகை இதழை எடுத்துவிட்டு, தட்டை அவள் பக்கம் நகர்த்தினார். "வுட்டுடலாம் மே" என்றார்.

மறுநாள் மத்தியானம் தட்டு மறுபடி சூளைக்குள் போனது. கண்ணாடி வெல்லப்பாகாக இளகும்போது மூடியைத் தூக்கி, கம்பியால் கொப்புளத்தின் உச்சியைத் தொட்டால் போதும். காற்று போய்விடும், மேல்தட்டு படிந்துவிடும். நைனா பின்னால் நிற்க, கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு மூடியைத் தூக்கினாள். முகத்தில் அனல் அறைந்தது. ஆரஞ்சு வெளிச்சத்துக்குள் கொப்புளம் தோல்போல் மெலிந்து நின்றது.

ஏறியது. இறங்கியது. அவசரமாக.

கம்பியை நீட்டினாள். தொட்டாள்.

சத்தமே இல்லை. அவ்வளவு நெருப்புக்குள்ளிருந்து காற்று ஒன்று ஜில்லென்று வந்தது. தைல வாசனை. அம்மா நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

சுமித்ரா கண்ணை மூடிக்கொண்டாள். அந்த ஒரு கணம்தான். ரங்கையா அவளை இடித்துத் தள்ளிவிட்டு, சூளையின் வாயில் முகத்தை நுழைத்து, இழுத்தார். நெஞ்சு கொண்ட மட்டும் இழுத்தார். மீசை பொசுங்கும் நாற்றம். அவரைப் பின்னுக்கு இழுத்துப் போட்டு, மூடியை அடித்துச் சாத்தி, கரண்டை நிறுத்தினாள்.

அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். முகம் வெந்து சிவந்திருந்தது. உதடுகளை இறுக மூடியிருந்தார். மார்பு உயர்ந்து நின்றது.

இறங்கவில்லை.

"நைனா, வுடு."

தலையை ஆட்டி மறுத்தார். முதுகில் அறைந்தாள். தாடையைப் பிடித்துப் பிளக்கப் பார்த்தாள். பூட்டுப் போட்டதுபோல் இருந்தது. உதடு நீலம் பாய்ந்தது.

"நைனா! செத்துடுவே நைனா! வுட்டுடு!"

அவர் ஒரு விரலால் தன் நெஞ்சைத் தட்டினார். பிறகு புருவத்தைத் தூக்கி அவளைப் பார்த்தார், டீக்கடையில் கதையை முடித்துவிட்டு எதிராளியைப் பார்ப்பாரே, அதேபோல். கண்ணில் அப்படி ஒரு சந்தோஷம்.

அப்போது மூடிய அந்த வாய்க்குப் பின்னாலிருந்து, அசையாத அந்த மார்புக்குள்ளிருந்து கேட்டது. இழுப்பு. சின்ன விசில். நிறுத்தம்.

சுமித்ரா அவர் காலைக் கட்டிக்கொண்டு கதறினாள். "நம்பறேன் நைனா! அம்மாதான் அது. நானே கேட்டேன், என் கண்ணால பாத்தேன். எல்லாம் நெஜமாவே நடந்துது. போதுமா? வாயத் தெற நைனா..."

ரங்கையா சிரித்தார். உதடு பிரியாமல்.