மணி அடிக்கும் வரை ஒரு ஏக்கர்

பள்ளிக்குப் பின்னால் கிடந்த வெற்று நிலத்தைத் தோட்டம் போடுவதற்காகக் கணக்கு டீச்சர் டேப் பிடித்து அளந்தார். ஒரு தடவை இல்லை, ஏழு தடவை. எட்டாவது தடவை டேப்பே களைத்துப்போய்த் தானாகச் சுருண்டுகொண்டது.

"ஆளுக்கு ரெண்டு மீட்டர். ஒரு எறும்பு நிக்கிற இடம் கூட யாருக்கும் கூடுதல் இல்ல" என்றார். "நாளைக்குக் கடைசி மணிக்குள்ள கொத்தி முடிக்கணும். முடிக்காத பாத்தியில புல்லு விதைச்சிடுவோம்."

எந்தப் பாத்தி யாருக்கு என்று சீட்டுக் குலுக்கினார்கள். புல்டோசருக்குப் பழம் மாதிரி மண் கிடைத்தது. புல்டோசர் என்றால் வண்டி இல்லை, ஐந்தாம் வகுப்பிலேயே பெரிய பையன். அவன் தும்மினால் பக்கத்து வகுப்பில் கரும்பலகை ஆடும். பத்தே நிமிடத்தில் கொத்தி முடித்துவிட்டு மரநிழலில் காலை நீட்டிவிட்டான்.

மூலைப் பாத்தி சுண்டெலிக்கு வந்தது. வகுப்பிலேயே குட்டிப் பெண் அவள்தான். பழைய சுவரை இடித்த செங்கல்லையெல்லாம் அந்த மூலையில்தான் கொட்டி மூடியிருந்தார்கள். மண்வெட்டி 'டங்' என்று எகிறியது. கூடவே சுண்டெலியும் எகிறினாள்.

பீரியட் முழுக்கக் கொத்தியும் ஒரு சாண்தான் ஆனது.

"ஜன்னல்ல பன்னெண்டு தக்காளி நாத்து வளர்த்து வெச்சிருக்கேன்" என்று மூக்கை உறிஞ்சினாள் சுண்டெலி. "அப்பாவோட ஷேவிங் கண்ணாடியை எடுத்து வெயில் எல்லாம் காட்டினேன். இனிமே காகித டம்ளர்ல நிக்காது. வாடிப்போயிடும்."

பக்கத்துப் பாத்திக்காரிக்கு இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அவள் பட்டப்பெயர் அகராதி. எந்தச் சொல்லுக்கும் பொருள் தேடுவதால் வந்த பெயர். வேறு காரணமும் உண்டு என்பான் அவள் அண்ணன்.

"டீச்சர், எல்லாருக்கும் சமமா இருக்கு. ஆனா நியாயமா இல்லையே?"

"மீட்டர்னா எல்லாருக்கும் மீட்டர்தான்மா. வேற நல்ல அளவு இருந்தா கொண்டா, பார்க்கலாம்."

சொன்னால் போதாதா? மணி அடித்ததும் நூலகத்துக்கு ஓடினாள். அங்கே இருந்த ஆங்கில அகராதியைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும், பக்கம் புரட்ட மூன்றாவது ஆள் வேண்டும். அடி, கெஜம், மைல் என்று அளவுகளையெல்லாம் தேடினாள். கடைசியில் ஏக்கர் வந்தது.

ஆதியில் அந்தச் சொல்லுக்கு வெறும் வயல் என்றுதான் பொருளாம். அப்புறம் அதுவே ஓர் அளவாகிவிட்டது. ஒரு ஜோடி மாடு ஒரு நாளில் உழும் நிலம் ஒரு ஏக்கர். சங்கிலி பிடித்துக் கணக்காக வரையறுத்ததெல்லாம் பிற்பாடு.

அகராதி அந்த வரியை நான்கு தடவை படித்தாள். 'அப்போ டேப்பை வெச்சு இல்ல, உழைக்கிற கையை வெச்சுத்தான் அளந்திருக்காங்க. கையும் இல்ல, கால். மாட்டோட கால்.'

மறுநாள் தோட்டப் பீரியடில் அதை எல்லோருக்கும் சொன்னாள். மாட்டுக்கு ஒரு நாள் என்றால் நமக்கு ஒரு பீரியட் என்றும் சேர்த்துக்கொண்டாள்.

புல்டோசர் துள்ளி எழுந்தான். "ஒரு பீரியட் கொத்துனது ஒரு ஏக்கரா? அப்ப பாதி மைதானம் எனக்குத்தான்."

சுண்டெலியின் முகம் இன்னும் சின்னதாகிவிட்டது. போயும் போயும் இதற்கா அந்த மலைப் புத்தகத்தைப் புரட்டினோம் என்று நினைத்தாள் அகராதி. அப்புறம் மரநிழலைப் பார்த்தாள். புல்டோசர் சாய்ந்து சாய்ந்து அந்த இடமே பள்ளமாகியிருந்தது.

"நிலம் டீச்சர் அளந்ததுதான், அதை மாத்த வேணாம்" என்றாள். "உழைப்பைத்தான் ஏக்கர்ல அளக்கணும். ஆளுக்கு ஒரு பீரியட். நேத்து நீ எவ்வளவு நேரம் உழுதே?"

"பத்து நிமிஷம்."

"சுண்டெலி முழுசா நாப்பது நிமிஷம். அவ ஏக்கர் நேத்தே முடிஞ்சுபோச்சு. உன்னோடதுதான் பாக்கி."

"என் பாத்தியில கொத்த மண்ணே இல்லையே?"

"மூலையில நிறைய இருக்கு. ஒத்தை மாட்டால உழ முடியாது. நீ வலது மாடு, நான் இடது மாடு. வர்றியா?"

புல்டோசர் தலையைச் சொறிந்தான். சுண்டெலியின் உள்ளங்கையில் இருந்த கொப்புளம் கண்ணில் பட்டது.

"ம்மா" என்றான்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. முதல் வெட்டிலேயே செங்கல் பறந்தது. சீக்கிரம் முடித்த மற்றவர்களும் மாடுகளாக வந்து சேர்ந்தார்கள். வெளியே வந்த செங்கல்லை வைத்து ஒரு அரண்மனையே கட்டியிருக்கலாம். டீச்சர் டேப்பைக் கீழே வைத்துவிட்டு அவரும் நான்கு கல் பொறுக்கினார். மணி அடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது மூலைப் பாத்தி மாவு மாதிரி கிடந்தது.

பதினொரு நாற்று நட்டாள் சுண்டெலி. பன்னிரண்டாவதைப் புல்டோசரிடம் நீட்டினாள். "இது வலது மாட்டுக்கு."

இப்போதெல்லாம் புல்டோசர் எதையுமே ஏக்கரில்தான் அளக்கிறான். திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் வந்து தோட்டத்தில் நின்றான். கையில் காலி வாளி, சட்டை முழுக்க ஈரம்.

"சுண்டெலி, உன் பாத்திக்கும் சேர்த்து ஊத்திட்டேன்" என்றான். "மொத்தம் அரை ஏக்கர் தண்ணி."