மஞ்சுவுக்குச் சொல்ல ஆள் உண்டு

பூவார் படகுத்துறையில் மஞ்சு வந்து நின்றபோது மழை தூறிக்கொண்டிருந்தது. நெய்யாறு கடலில் சேரும் இடம். தண்ணீர் கலங்கி, அசைவில்லாமல் கிடந்தது. அக்கரையில் தென்னைகளுக்குப் பின்னால் ஒரு பழைய பங்களா தெரிந்தது. யாரும் குடியிருக்காமல் வெகுகாலம் பூட்டிக் கிடந்ததை யாரோ வாங்கி ரிசார்ட் ஆக்கியிருந்தார்கள். அங்கே துணி வெளுக்கும் பிரிவில் அவளுக்கு வேலை. வேலையாட்களை அக்கரைக்குக் கொண்டுபோகும் படகை யோசுவா என்ற வயதான ஆள் ஓட்டினார். அதிகம் பேசாதவர். பங்களாவை நெருங்க நெருங்க, ஈரச் சுண்ணாம்பின் வாடை வந்தது.

ஆட்களை எடுக்கிற பொறுப்பு சுனில்குமாருக்கு. ஆறு மாதம் வேலையைப் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரமாக்குவோம் என்றார். அதுவரை எந்த நாளும் போகச் சொல்லலாம். மஞ்சு தலையாட்டினாள். பிறகு அவர் சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க பழைய மேடத்தைக் கூப்பிட்டேன். ஸ்ரீகுமாரி மேடம். நல்ல ஸ்நேகமா பேசினாவ."

மஞ்சு அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

ஸ்ரீகுமாரி செத்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

நெய்யாற்றின்கரையில் வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் ஓர் இல்லத்தில் இருவரும் வேலை பார்த்தார்கள். ஸ்ரீகுமாரிதான் அங்கே தலைமை. ஒரு மத்தியானம் துணி அலசும் அறையில் அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். மஞ்சு ஆட்களைக் கூப்பிட ஓடப்போனபோது ஸ்ரீகுமாரி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "போவாண்டாம் மஞ்சு. நில்லு." மஞ்சு நின்றாள். கை குளிர்ந்த பிறகும் நின்றாள். மற்றவர்கள் வந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்துத்தான் அவளை விடுவிக்க வேண்டியிருந்தது. அன்றைக்கு அழவில்லை. அதற்குப் பிறகும் அழவில்லை, சிரிக்கவுமில்லை. உடம்புக்கும் உலகத்துக்கும் நடுவே நனைந்த போர்வை ஒன்றைத் தொங்கவிட்டதுபோல எல்லாம் தூரத்திலேயே நடந்தது.

இல்லத்தை மூடிவிட்டார்கள். முதலாளி வெளிநாடு போய்விட்டார், கூப்பிட்டாலும் எடுப்பதில்லை. மஞ்சு வேலை கேட்டுப் போன இடமெல்லாம் ஒரே கேள்விதான்: உன்னைப்பற்றிச் சொல்ல யார் இருக்கிறார்கள்? புருஷன் விட்டுப்போனவள். பாறசாலை வீட்டில் அம்மா சொர்ணம்மாளும் பள்ளிக்கூடம் போகும் மகள் நந்தனாவும் அவளை நம்பி இருந்தார்கள். கடைசியில், ரிசார்ட்டில் கேட்டபோது, மனப்பாடமாகத் தெரிந்த ஒரே எண்ணைச் சொல்லிவிட்டாள். அது ஸ்ரீகுமாரியின் எண், எப்போதும் அணைந்தே கிடக்கும். வெறுமனே அந்தக் குரலின் நினைப்பில் அவளே பலமுறை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள்.

"என்ன சொன்னாவ?" என்று கேட்டாள்.

"பாதியில விட்டுட்டுப் போற ஆளில்லன்னு சொன்னாவ," என்றார் சுனில்குமார். "பின்னால துணி அலசுற மாதிரி ஒரு சத்தம். இப்பவும் வேலைதான் பாக்காவளோ?"

மஞ்சு துணிக்கூடையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒற்றசேகரமங்கலத்துக்குப் பஸ் ஏறினாள். ஸ்ரீகுமாரியின் அண்ணன் பொன்னையன் ரப்பர் தோட்டத்துக்கு நடுவே தனியாக இருந்தார். தங்கையின் போன் யாரிடம் இருக்கிறது என்று மஞ்சு கேட்டதும் அவர் அலமாரியைத் திறந்து, மடித்த சேலைகளுக்கு அடியிலிருந்து அதை எடுத்தார். கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. பேட்டரி வீங்கிப் பின்மூடியைத் தள்ளிக்கொண்டு நின்றது. அவள் போன அன்றைக்கு வைத்தது, தொடவே இல்லை என்றார். சார்ஜ் ஏறாது, சிம்மும் செத்திருக்கும்.

மஞ்சு அதைக் கையில் வாங்கினாள்.

சூடாக இருந்தது.

இப்போதுதான் யாரோ காதோடு வைத்து நெடுநேரம் பேசிவிட்டுக் கீழே வைத்தது போல.

திருப்பிக் கொடுத்துவிட்டுப் பஸ்ஸுக்கு வந்தாள். பயப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. பயம் வரவில்லை. மறுநாள் வேலைக்குப் போனாள்.

துணிப்பிரிவில் அவளோடு புதிதாகச் சேர்ந்தவன் ஷிஜு. திருவனந்தபுரத்தில் பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தவன். அவனைப்பற்றி அங்கே எல்லோரும் நல்லபடியாகத்தான் சொல்லியிருந்தார்கள். வேலையிலும் மஞ்சுவைவிடக் கெட்டிக்காரன். சீசன் முடிந்து விருந்தாளிகள் குறைந்ததும், இருவரில் ஒருவரைத்தான் வைத்துக்கொள்ள முடியும் என்று பேச்சு வந்தது. போவது தானாகத்தான் இருக்கும் என்று மஞ்சு நினைத்தாள். உள்ளுக்குள் எங்கோ ஒரு மூலையில் அவளுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

அனுப்பப்பட்டவன் ஷிஜு.

சாயங்காலம் தன் துணிகளைப் பையில் திணித்தபடி அவன் சொன்னான்: "அக்கா, உங்களுக்குச் சொல்ல ஆளுண்டு. எனக்கு இங்க யாரும் இல்ல."

அவன் குரலில் கோபம் இல்லை. அவளுக்குப் பின்னால், துணி வெளுக்கும் அறையின் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான். என்ன என்று கேட்டாள். நேற்றைக்கு மெஷினை நிறுத்தும்போது மூலையில் ஒரு அம்மா நின்றார்கள் என்றான். விருந்தாளி வழிதவறி வந்துவிட்டார்கள் என்று நினைத்து, யாரைப் பார்க்கணும் என்று கேட்டானாம்.

"மஞ்சு நிக்காளா, போயிட்டாளான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"போயிட்டாவன்னு சொன்னேன்." அவன் குரல் தாழ்ந்தது. "இல்ல, அவ போவமாட்டான்னாவ. வாயி அசையல்ல அக்கா. சத்தம் மட்டும் வந்துது."

அவன் போன படகை மஞ்சு கரையில் நின்று பார்த்தாள். அன்றைக்கு முதல்முறையாக நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று லேசாக அசைந்தது. அவனுக்கும் வீடு உண்டு, அம்மா உண்டு. தன் பொருட்டு ஒருவனுக்குச் சோறு போயிற்று.

மறுநாள் காலையிலேயே சுனில்குமாரிடம் போய், நான் வேலையை விட்டுவிடுகிறேன், ஷிஜுவைத் திரும்பக் கூப்பிடுங்கள் என்றாள். அவர் ஆச்சரியப்படவே இல்லை. அதுதான் அவளுக்கு உறைத்தது.

"நீங்க இப்படிச் சொல்லுவீங்கன்னு மேடம் நேத்தே கூப்பிட்டுச் சொல்லியாச்சு," என்றார். "சம்மதிக்காண்டாம்னு சொன்னாவ. உங்களுக்கு மனசு சரியில்லையாம். நாங்க உங்கள நிரந்தரமாக்கியாச்சு மஞ்சு. இனி யாரும் உங்களப் போவச்சொல்ல முடியாது."

"சார், அவிய உயிரோட இல்ல."

அவர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். மேஜைமேல் கிடந்த அவருடைய போன் அதிர ஆரம்பித்தது. இருவரும் அதைப் பார்த்தார்கள். திரையில் வந்த எண்ணை மஞ்சு கண்ணை மூடிக்கொண்டே சொல்லிவிடுவாள்.

சுனில்குமார் எடுத்தார். கேட்டார். "ஆ... ஆ... சரி மேடம்," என்றார். மஞ்சு நின்ற இடத்துக்கே அது கேட்டது. துணி அலசும் சத்தம். வாளித் தண்ணீரில் துணியை அமுக்கி எடுத்து, அமுக்கி எடுத்து.

அவர் போனைத் திரும்ப மேஜைமேல் வைத்தார். கண்கள் வெறுமையாக இருந்தன. அந்த வெறுமையை மஞ்சுவுக்குத் தெரியும். ஒரு வருஷமாகக் கண்ணாடியில் அதைத்தான் பார்க்கிறாள்.

"மேடம் இங்கயே வேலைக்கு வாறாவளாம்," என்றார் மெதுவாக. "அவங்களப்பற்றிச் சொல்ல ஆளு யாருன்னு கேட்டேன். உங்க பேரச் சொன்னாவ."

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. அவர் பேனாவைக் கையில் எடுத்தார்.

"எப்படி ஆளு மஞ்சு? எடுக்கலாமா?"

வேண்டாம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் குளிர்ந்த காற்று போயிற்று.

"எடுக்கலாம் சார்," என்று சொன்னது அவள் குரல்தான்.

அன்றைக்கு வீட்டில் சொர்ணம்மாள் பாயசம் வைத்தாள். வேலை நிரந்தரமானதை அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லியிருந்தாள். நந்தனா வந்து கட்டிக்கொண்டாள். மஞ்சு ஒரு கிண்ணம் பாயசம் முழுவதையும் குடித்தாள். இனிப்பு தெரியவில்லை.

காலையில் மழை விட்டிருந்தது. துறையில் வேறு யாரும் இல்லை. யோசுவா கை கொடுத்து அவளைப் படகில் ஏற்றினார். அவள் போய் உட்கார்ந்தாள். அவர் கயிற்றை அவிழ்க்கவில்லை. வெறும் படிக்கட்டைப் பார்த்து, மறுபடியும் கையை நீட்டினார்.

"பார்த்து. வழுக்கும்."

படகு ஒரு பக்கமாகத் தாழ்ந்தது. மஞ்சுவின் பக்கத்துப் பலகை மெல்ல முனகியது.

"ரெண்டுபேரும் நடுவில இரிங்க," என்று சொல்லிவிட்டு யோசுவா கயிற்றை அவிழ்த்தார்.